சிவப்புப் பொட்டணம்

உக்காரு தம்பி. பசியாறிட்டியா? இல்லேன்னா சொல்லு, ரெண்டு தோசை ஊத்தித் தரேன். கோப்பியாவது குடி. கோலாலம்பூர்லேர்ந்து காடி ஓட்டிக்கிட்டு வந்திருக்க, வெறும் வயித்தோட அந்தப் படத்தப் பத்திக் கேக்காத. எனக்கு ஏற்கெனவே வயிறு எரியிற விஷயம் அது.

என்ன முழிக்கிற? வெள்ளையம்மா நான்தான். போன்ல பேசினப்ப எட்டயபுரத்துக்காரி மாதிரி இருந்திச்சு, வந்து பாத்தா ஒரு சீனத்தி சேலையக் கட்டிக்கிட்டு முறுக்குப் பிழியிறா. அதான? எல்லாரும் மொதல்ல இப்படித்தான் பாப்பாங்க. பாத்து முடிச்சிட்டுக் கோப்பியக் குடி.

அந்தக் காலத்துல தியேட்டர் வாசல்ல கச்சாங் பூத்தே வித்தவங்க யாராவது உசுரோட இருக்காங்களான்னு தேடி வந்த. இருக்கேன். கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, எல்லாம் எங்கப்பா பக்குவம். ஆனா நீ தேடி வந்தது வேற, உனக்குக் கிடைக்கப் போறது வேற. சிரிப்புப் படம், சிரிப்புப் படம்னு போன்ல எத்தனை தடவ சொன்ன! பழைய ரீலக் கழுவித் தொடச்சு, ஒவ்வொரு கீறலா எடுத்து, மறுபடியும் பெரிய தியேட்டர்ல போடப் போறீங்க. ஹாங்காங்லேர்ந்து ஆளுங்கெல்லாம் வராங்க. நல்லது. போடுங்க. நான் வேணாம்னு சொல்லல. எனக்கு யார் மேலயும் கோவம் கிடையாது. அத மொதல்ல பதிஞ்சுக்க.

எங்கப்பா சங்கரபாண்டி. அம்மா பேச்சியம்மா. கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்ல. அப்பா சைக்கிள்ல பெட்டியக் கட்டிக்கிட்டு ஈப்போ டவுன்ல கேளிக்கைப் பூங்கா வாசல்ல நிப்பாரு. உள்ள சீனக் கூத்து நடக்கும். ஹாங்காங்லேர்ந்து கம்பெனி கம்பெனியா கப்பலேறி வருவாங்க. அப்படி ஒரு வருஷம் வந்ததுதான் லோக் குடும்பம். புருஷன் கோமாளி வேஷம். பொண்டாட்டி எப்பவும் பிள்ளையப் பறிகொடுத்த ராணி வேஷம். மேடையில அவ அழுதா பூங்கால ஒருத்தன் கச்சாங் வாங்க மாட்டானாம், எல்லாரும் மூக்கச் சிந்திக்கிட்டு இருப்பானுங்களாம். அப்பா சொல்வாரு.

மூணு ஆம்பளப் பிள்ளைங்க அவங்களுக்கு. நாலாவது நான். இங்க வந்த எடத்துல பொறந்தேன். நான் பொறந்த நேரம் மழை பிடிச்சிச்சு பாரு, விட்டாத்தான! கூத்துப் பாக்க ஆளே இல்ல. ஜோசியக்காரன் ஒருத்தன் சொல்லிட்டான், இந்தப் பொண்ணு கம்பெனிய முழுங்கிரும்னு. என்னைப் பெத்த கிழவன், என்னைக் குடுத்துர்றதுன்னு முடிவு பண்ணிட்டான். சீனவங்க பொண்ணத் தமிழங்க வீட்டுல குடுக்கிறது அப்ப இங்க புதுசில்ல. தமிழன் பொண்ணுன்னா ஒதுக்க மாட்டான்னு ஒரு நம்பிக்கை. இந்த ரோட்டுலயே என்ன மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க. வாசல்ல நின்ன எங்கப்பாவக் கூப்பிட்டுக் கேட்டான். அப்பா வீட்டுக்குக்கூட போகல, அங்கயே சரின்னுட்டாரு.

இப்ப கவனமாக் கேளு. அந்தக் கம்பெனியில ஒரு மரப் பிள்ளை இருந்திச்சு. கூத்துல கொழந்தை வர்ற காட்சிக்கு அதத்தான் ஏந்துவாங்க. பொம்மைன்னு நெனச்சிராத, அதுதான் அவங்களுக்குச் சாமி. மேடைக்குப் போறதுக்கு முன்னாடி ஊதுபத்தி வெச்சுக் கும்பிடுவாங்க. மூத்த அண்ணன்னு கூப்பிடுவாங்க. ஊரு விட்டு ஊரு போறப்ப மத்த சாமானெல்லாம் பெட்டியில போகும், அது மட்டும் சிவப்புத் துணி சுத்திக்கிட்டு மடியில போகும். ஏந்திக்கிட்டுப் போறது அந்தம்மா வேலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ வேலை.

பிள்ளையக் குடுக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. சிவப்புத் துணியால மொகத்த மூடிக் குடுக்கணும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. தொறந்தா பிள்ளை வந்த வழியப் பாத்து வெச்சுக்குமாம், பின்னால பெத்தவ வீட்டத் தேடிப் போயிருமாம்.

கம்பெனி கெளம்புற நாள் காலையில அப்பாவும் அம்மாவும் போனாங்க. ஒரே பரபரப்பு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு கிழவன் கத்துறான், பெட்டிய ஏத்துறான். அந்தம்மா உள்ளேர்ந்து வந்து ஒரு சிவப்புப் பொட்டணத்த அப்பா கையில வெச்சா. திரும்பிப் பாக்காமப் போயிட்டா. அப்பா பத்திரமா மார்ல அணைச்சுக்கிட்டு நடந்தாரு. உள்ள பஞ்சு வெச்சுத் தச்ச சட்டை, மெத்துன்னு இருந்திச்சாம். நல்லாத் தூங்குதுன்னு நெனச்சாரு. பாதி வழியில அம்மாவுக்கு ஆசை தாங்கல. தொறந்தாத்தான தப்பு, தொட்டுப் பாக்கலாமேன்னு துணிக்குள்ள கைய விட்டுச்சு. கால் சில்லுன்னு இருக்கு. ஐயோ பிள்ளை செத்துப் போச்சேன்னு ரோட்டுலயே உக்காந்து அலறித் தொறந்து பாத்தா, கன்னத்துல செவப்புச் சாயம் பூசின கட்டை சிரிச்சிக்கிட்டுக் கெடக்கு.

அப்பா ஓடினாரு. கட்டையத் தூக்கிக்கிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மார்க்கெட்டுக்குள்ள புகுந்து, மீன்கடைக்காரன் ஏச ஏச, ரயில் ஸ்டேஷன் வரைக்கும். ரயில் நின்னுக்கிட்டு இருந்திச்சு. கட்டையக் குடுத்தாரு, என்னை வாங்கிக்கிட்டு வந்தாரு. கிழவன் பிளாட்பாரத்துலயே விழுந்து விழுந்து கும்பிட்டானாம். யாரைங்கிற? கட்டையைத்தான்!

இந்தக் கதையக் கேட்டுக் கேட்டுத்தான் வளந்தேன். அம்மா சொல்லும். அப்பா பக்கத்துல இருந்தா துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிருவாரு. தன் பெருமைய நின்னு கேக்கக் கூச்சம்னு நெனச்சுக்குவேன். பள்ளிக்கூடத்துல யாராவது சீனத்தின்னு சீண்டினா, எங்கப்பா எனக்காக ஸ்டேஷன் வரைக்கும் ஓடினவரு, உங்கப்பன் உனக்காக எங்கடா ஓடினான்னு கேப்பேன். ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்.

இருபது வயசு தாண்டி இருக்கும் எனக்கு. தியேட்டர் வாசல்ல அப்பாவோட நானும் நிப்பேன். அப்பெல்லாம் மாண்டரின் படம்தான் ஓடும், காண்டனீஸ் படம் அவ்வளவுதான்னு எல்லாரும் கைகழுவின நேரம். திடீர்னு ஒரு நாள் பெரிய தட்டி ஏத்துறாங்க. மூணு அண்ணன் தம்பி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறானுங்க, நடுவுல ஒரு கிழவன், ஓரத்துல ஒரு கிழவி, கிழவி மடியில சிவப்புப் பொட்டணம். அப்பா கடலை அள்ளுற குவளைய அப்படியே பெட்டிக்குள்ள போட்டுட்டாரு. என்னப்பான்னு கேட்டேன். பெட்டிய மூடி சைக்கிள்ல கட்ட ஆரம்பிச்சிட்டாரு. வீட்டுக்குப் போனதும் அம்மாதான் சொல்லிச்சு, ஏட்டி, அது உன்னப் பெத்தவங்கன்னு.

மூத்தவனே எழுதி, மூத்தவனே எடுத்து, மூணு பேரும் நடிச்சு, அப்பனையும் ஆத்தாளையும் நடிக்க வெச்சு, குடும்பமாச் சேந்து எடுத்த படம். நம்ம ஆளுங்க அதுக்குப் பொட்டணம் படம்னே பேரு வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் கேளு, வாரக்கணக்கா ஹவுஸ்புல். அப்பாவுக்குக் கடலை வறுத்து முடியல.

அம்மா பிடிவாதம் பிடிச்சு மூணு பேரும் பகல் ஆட்டத்துக்குப் போனோம். நான் ஆசையாத்தான் போனேன், இல்லேங்கல. இத்தன வருஷம் கழிச்சு என் அண்ணனுங்க எப்படி இருக்கானுங்கன்னு பாக்க மாட்டேனா? மூத்தவனுக்கு என் மூக்கு. அப்படியே என் மூக்கு. அதப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக்கூட இருந்திச்சு, என் முட்டாத்தனத்தப் பாரு.

உனக்குத் தெரியும், நீதான் அத்தனையும் கழுவினவன். உருப்படாத கூத்துக் கம்பெனி. மரப் பிள்ளை ஒண்ணு, உசுருப் பிள்ளை ஒண்ணு. ரெண்டும் சிவப்புத் துணியில. மாத்தித் தூக்கிக் குடுத்துர்றானுங்க. யார் கையில? ஒரு ஜாகா, அதான் காவக்காரன், அவன் கையில. மூத்தவன்தான் அந்த ஜாகா. மொகத்துல கரியப் பூசி, தலைப்பா கட்டி, தலைய ஆட்டி ஆட்டிப் பேசுறான். பாக்கத் தமிழனும் இல்ல, பஞ்சாபியும் இல்ல. கரி பூசின சீனன். தொறந்து பாத்து அலறிக்கிட்டு ஓடுறான். மார்க்கெட்டு, மீன்கடை, வாத்து தொங்குற கடை, ஒரு கல்யாணப் பந்தி, எல்லாத்துலயும் விழுந்து எழும்பி ஸ்டேஷன் வரைக்கும் ஓடுறான். தங்களை அடிக்கத்தான் வரான்னு தம்பிங்க ரெண்டு பேரும் முன்னால ஓடுறானுங்க.

தியேட்டரே குலுங்கிச்சு தம்பி. சீனன் சிரிக்கிறான், மலாய்க்காரன் சிரிக்கிறான், நம்ம ஆளு நாற்காலியத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். எங்கப்பாகிட்ட கச்சாங் வாங்கிக்கிட்டு உள்ள வந்தவன் அதத் தின்னுக்கிட்டே எங்கப்பாவப் பாத்துச் சிரிக்கிறான், அது எங்கப்பான்னு தெரியாம. நானும் சிரிச்சேன்னு அம்மா சொல்லும். பொய். நான் சிரிக்கல.

ஸ்டேஷன் வந்திச்சு. கட்டையக் குடுத்துப் பிள்ளைய வாங்கறான். கிழவன் விழுந்து கும்பிடுறான். நெசத்துல நடந்தத ஒரு அட்சரம் விடல. அந்தக் கிழவி ரயிலுக்குள்ள உக்காந்திருக்கா, நமக்கு முதுகக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு. தோள் ரெண்டும் குலுங்குது. அவளுக்கே சிரிப்புத் தாங்கல! பெத்த பிள்ளையக் கட்டைன்னு நெனச்சுத் தூக்கிக்கிட்டுப் போனவ, அத நடிச்சுக் காட்டறப்பவும் சிரிக்கிறா. அந்த எடத்துல அப்பா எழுந்து வெளிய போயிட்டாரு. கரியப் பூசித் தன்னைக் கேலி பண்ணிட்டானுங்கன்னு மனசு விட்டுப் போச்சுன்னு நெனச்சேன்.

அப்பத்தான் முடிவு பண்ணேன். அவங்க சொத்து வேணாம், சொந்தம் வேணாம். ஒரு வார்த்தை. தப்பு நடந்து போச்சு, அது சிரிக்கிற விஷயம் இல்லன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான். பெரிய ஆசையா அது? நீயே சொல்லு.

படம் நல்லா ஓடுதுன்னு அந்தக் குடும்பமே ஈப்போவுக்கு வந்திச்சு, ரசிகருங்களுக்குப் படத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்க. காலைக் காட்சிக்கு முன்னாடி. நான் தீபாவளிச் சேலையக் கட்டிக்கிட்டுக் கெளம்பினேன். போகாத தாயின்னாரு அப்பா. நான் செருப்ப மாட்டினதும் அவரே உள்ள போயி, அப்பத்தான் வறுத்த சூடான கடலையக் காகிதத்துல கூம்பு சுத்திக் கொண்டு வந்தாரு. அவர் சுத்துற சுத்து தனி, அந்தப் பூங்கால வாங்கித் தின்னவங்களுக்கு மறக்காது, நுனிய ரெண்டு மடி மடிச்சு உள்ள சொருகுவாரு. அந்தம்மாகிட்ட குடு, பிள்ளை நல்லாருக்குன்னு சொல்லுன்னாரு. நான் சண்டைக்குப் போறேன், இவரு கடலை குடுத்து அனுப்புறாரு!

வரிசையில நின்னேன். மூத்தவன் என்னைப் பாத்தான். சீன மொகம், பட்டுச்சேலை, நெத்தியில குங்குமம். விடுவானா? நின்ன எடத்துலயே அந்த ஜாகா ஓட்டத்த ஓடிக் காட்டினான், தலைய ஆட்டிக்கிட்டு. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. என் மூக்க வெச்சுக்கிட்டு என்னையே கேலி பண்றான். வாசல்ல வித்துப் பழகின சீனத்துல கேட்டேன், அந்தக் கட்டைப் பிள்ளை இப்ப எங்கன்னு. வீட்டுல சாமி மேடையில இருக்கு, அதுதான் எங்க மூத்த அண்ணன்னு சொன்னான். தங்கச்சி யாரும் இல்லையான்னு கேட்டேன். எங்கம்மாவுக்கு நாங்க மூணு பேருதான்னு சொல்லிட்டுப் பின்னால நின்னவனப் பாத்துப் பல்லக் காட்டினான். படத்துல வர்ற பிள்ளை நெசமான தங்கச்சின்னு அவனுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். சின்னப் பையனா இருந்திருப்பான். எனக்கென்ன.

கடைசி நாற்காலியில அவ. பவுடர் அப்பிக்கிட்டு. நான் கடலைப் பொட்டலத்த முன்னால வெச்சேன். அவ அந்த நுனி மடிப்பப் பாத்தா. அப்புறம் என் மொகத்தப் பாத்தா. கையப் புடிச்சுக்கிட்டா. புடிச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, மேலயும் கீழயும் லேசாத் தூக்கித் தூக்கிப் பாத்தா, மார்க்கெட்டுல கோழிய எடை பாக்குற மாதிரி. கண்ணுல தண்ணி. ஆமா, அத்தனை வெளக்கு மொகத்துல அடிச்சா யாருக்குத்தான் கண்ணுல தண்ணி வராது?

அவ சொல்லப் போறான்னு நெனச்சேன். அந்த ஒரு வார்த்தைய. குனிஞ்சு, மத்தவங்களுக்குக் கேக்காம, என்ன கேட்டா தெரியுமா? அன்னைக்கு அவரு ஏன் அவ்வளவு வேகமா ஓடி வந்தாருன்னு கேட்டா.

பிள்ளைய நீங்க தூக்கிக்கிட்டுப் போனா அவரு ஓடி வராம என்ன செய்வாருன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, இன்னும் கொஞ்ச நேரம், ரயில் கெளம்பியிருக்கும். இதான் அவ சொன்னது. இவ்வளவுதான். ரயிலு நேரத்துக்குப் போகலையேன்னு அத்தன வருஷம் கழிச்சும் கவலை அவளுக்கு! பின்னால நின்னவங்க முணுமுணுத்தாங்க, நான் கைய உருவிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கல்லு மனசு, கட்டைய ஏந்தி ஏந்தி அவளும் கட்டையாப் போயிட்டா, நீங்க ஓடினது அவளுக்குத் தப்பாம்பான்னு கத்தினேன். அப்பா வாசப்படியில உக்காந்திருந்தாரு. அந்தம்மா என்ன கேட்டுச்சுன்னு சொல்லுன்னாரு. சொன்னேன். திரும்பச் சொல்லுன்னாரு. திரும்பச் சொன்னேன். அப்புறம் தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நான் போனப்ப அந்தம்மா உனக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்திச்சு தாயி. உன் மொகத்துல துணி இல்ல. என்னைப் பாத்ததும் புருஷனுக்குத் தெரியாம கைய ஆட்டிச்சு. போயிரு, போயிருன்னு. எனக்குப் புரிஞ்சிச்சு. புரிஞ்சும் அந்த ஆளக் கூப்பிட்டுக் கட்டையக் காட்டினேன். ரோட்டுல உங்கம்மா உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா. வெறுங்கையோட எப்படிப் போவேன்?"

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தத் தியேட்டர் வாசலுக்கு அவரு போகல. பெட்டிய நான் எடுத்துக்கிட்டேன். அவரு வீட்டுல கடலை வறுப்பாரு, நான் கொண்டு போயி விப்பேன். அவருக்கு நான் ஒரு கொறையும் வெக்கல, கேட்டுப் பாரு இந்த ரோட்டுல. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மருந்து. பேச்சுத்தான் கொஞ்சம் கொறஞ்சு போச்சு, வேலை அப்படி. ஏட்டி, அப்பான்னு ஒரு தடவ கூப்பிட்டா உன் வாய் தேஞ்சா போயிரும்னு அம்மா கேக்கும். கூப்பிடாம இருந்தேனா என்ன? கூப்பிட்டிருப்பேன். சரியா ஞாபகம் இல்ல. அவரு போயியும் வருஷம் ஆச்சு.

வயசான மனுஷன் எதையாவது சொல்வாரு. எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு, பெத்தவ என்னை வேணாம்னு குடுத்துடலன்னு நான் நெனச்சுக்கணும்னு அப்படி ஒண்ண உண்டாக்கிச் சொல்லியிருப்பாரு. அவரு குணம் அப்படி. இல்ல? அந்தம்மா தெரியாமத்தான் மாத்திக் குடுத்திருப்பா. என்ன தம்பி அப்படிப் பாக்குற? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கட்டைப் பிள்ளைய ஏந்தினவளுக்குக் கைக்கு வித்தியாசம் தெரியாமப் போகுமான்னு கேக்கப் போறியா? போகும். அவசரத்துல போகும். போயிருக்கணும்.

ஒண்ணு கேக்குறேன். அந்த ரயில் காட்சியில ஜன்னல் கண்ணாடி சாத்தியிருக்கும். அப்ப அழுக்குப் பிடிச்ச திரையில ஒண்ணும் தெரியல, முதுகும் தோளும்தான் தெரிஞ்சிச்சு. நீ இப்ப அத்தனையும் தொடச்சு எடுத்திருக்க. கண்ணாடியில அவ மொகம் விழுந்திருக்குமே. அவ சிரிக்கிறாளா?

வேணாம், இரு. சொல்லாத. சிரிச்சிருந்தா அப்பா சொன்னது எனக்காக உண்டாக்கின கதை, அவர்கிட்ட நான் பேசியிருக்கணும். அழுதிருந்தா, என்னை வெச்சுக்க ஆசைப்பட்டவகிட்டேர்ந்து என்னைப் பிடுங்கிட்டு வந்தவரு அவரு, அவரு பக்குவத்துக் கடலை வித்துத்தான் இன்னைக்கு வரைக்கும் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு செவுத்துல மாட்டின அவரு படத்துக்கு வெளக்கேத்துறது?

வாயத் தொறக்காத தம்பி. கோப்பி ஆறுது, குடி.